அஷ்டமியில் புறப்படும் படகுகள்

ஐரிஷ் கடலோரம் ஒரு பாறைத் தீவு. அதைக் கயாக்கில் சுற்றிவரக் கிளம்பிய ஐந்து நண்பர்கள், ஒரு வழிகாட்டி. தோள்பலத்தைவிடக் கைக்கடிகாரத்தை நம்பச் சொல்லும் கடலின் கதை.

அஷ்டமி, நவமியில் நம் வீடுகளில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள ஹோலி தீவில் கயாக் வலிப்பவர்கள் தேடிப்பிடிப்பதே அந்த நாட்களைத்தான். திதியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. வானத்தில் நிலா பாதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் நிற்பதால் கடல் மீதான இழுப்பு கூடுகிறது. ஏற்றம் நன்றாக ஏறும், வற்றம் நன்றாக வற்றும். பாதி நிலா நாட்களில் சூரியன் ஒரு பக்கமும் சந்திரன் குறுக்கே இன்னொரு பக்கமும் இழுப்பதால் கடல் கொஞ்சம் அடங்குகிறது. ஓரிரு நாள் கழித்துத்தான் அந்த அடக்கம் நீரில் தெரியும். அஷ்டமியும் நவமியும் அவர்களுக்கு நல்ல நாளானது இப்படித்தான்.

நம் ஊர்க் கரையில் நிற்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. சென்னையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். ஹோலிஹெட் துறைமுகத்தில் அமாவாசையை ஒட்டி அது சுமார் 5 மீட்டர். பாதி நிலாவில் அதில் பாதி. இத்தனை நீரும் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பிப் போகிறது. வழியில் தீவின் பாறை முனைகள் குறுக்கே நிற்கின்றன. அங்கே நீர் நெருக்கப்பட்டு, உச்ச நாட்களில் 5, 6 நாட் வேகம் பிடிக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாகப் பழகியவர் கயாக்கில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் வேகமோ 3, மிஞ்சினால் 4 நாட். எதிர்த்துப் போய்ப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

கடல் கயாக் என்ற கலை இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது. எப்போது புறப்படுவது, யாரோடு போவது, எங்கே நிறுத்துவது. இந்த மூன்றையும் கரையிலேயே சரியாகத் தீர்மானித்துவிட்டால் மீதி வேலைக்குச் சாதாரணத் தோள்கள் போதும்.

மடிந்து நிற்கும் பாறை

ஆங்கிள்சி தீவின் மேற்கு விலாவை ஒட்டிக் கிடக்கிறது ஹோலி தீவு. 6-ஆம் நூற்றாண்டுத் துறவி கிபியின் பெயரால் வேல்ஸ் மக்கள் இதை அனிஸ் கிபி என்கிறார்கள். பரப்பளவு சுமார் 39 சதுர கிலோமீட்டர். அயர்லாந்தின் டப்ளினுக்குக் கப்பல் ஏறும் பயணிகளுக்கு இது வெறும் ஹோலிஹெட் துறைமுகம். லண்டனிலிருந்து வரும் ரயில் பாதை இங்கேதான் முடிகிறது.

கயாக் உலகத்துக்கு இந்தத் தீவின் மேற்குக் கரைதான் முக்கியம். 220 மீட்டர் உயர ஹோலிஹெட் மலை அப்படியே கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் இடம் அது. சவுத் ஸ்டாக் பகுதிப் பாறைகள் சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலும் சேறும். பிறகு பூமியின் அழுத்தத்தில் அவை மடிந்து, நெளிந்து, புரண்டு நிற்கின்றன. மேலே பாதையில் நடப்பவர்களுக்குப் பாறையின் உச்சந்தலைதான் தெரியும். மடிப்புகள் முழுதாகத் தெரிவது நீர்மட்டத்திலிருந்து பார்ப்பவருக்குத்தான். ஆங்கிள்சி முழுவதையுமே யுனெஸ்கோ புவிப்பூங்காவாக அங்கீகரித்திருக்கிறது.

எங்கள் குழுவில் மான்செஸ்டரில் கணினித் துறையில் இருக்கும் ஒரு தம்பதி, லிவர்பூல் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் நாகர்கோவில் தோழி, லண்டனில் கணக்கராக வேலை செய்யும் காரைநகர் நண்பர், நான். ஐவருமே குளத்திலும் அமைதியான விரிகுடாவிலும் பயிற்சி எடுத்தவர்கள். வழிகாட்டி, இந்தக் கடலில் நெடுநாள் பழகிய ஒரு வேல்ஸ் பெண்மணி. ஓட்ட அட்டவணையை மடக்கி, நீர் புகாத உறையில் போட்டுப் படகின் மேல்தளத்தில் செருகி வைத்திருந்தார்.

காரைநகர்க்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட ஊரில காத்துக்குத்தான் நேரம் பாப்பினம், மச்சான். சோழகம் எழும்பினா ஒரு தொழில், வாடை எழும்பினா வேற தொழில். இஞ்ச தண்ணிக்கே எல்லே நேரம் பாக்கினம்!"

பன்னிரண்டு பங்கு

அந்த அட்டவணையைப் படிக்க ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு. ஏற்றத்தின் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு நீர் வரும். இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. 5 மீட்டர் ஏற்றமென்றால் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டரை மீட்டர் ஏறிவிடுகிறது. முனைகளில் ஓட்டமும் பெரும்பாலும் அப்போதுதான் மும்முரமாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் ஒன்று அதற்கு முன்பே முனையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது ஓட்டம் ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

தீவின் மேற்குக் கரையில் ஏற்றத்தின் ஓட்டம் வடக்கு நோக்கிப் போகும். அது தொடங்கும் வேளைக்கு போர்த் டாவர்க் என்ற சிறு மணல்கரையில் படகுகளை இறக்கினோம். கடல் கயாக்கின் நீளம் சுமார் 5.4 மீட்டர், அகலம் 54 சென்டிமீட்டர். உட்காரும் குழியின் முன்னும் பின்னும் நீர் புகாத அடைப்புகள் உண்டு. கவிழ்ந்தாலும் படகு முழுதாக நிறையாது. இடுப்பைச் சுற்றி ரப்பர் விளிம்பு வைத்த பாவாடை போன்ற ஒரு மூடி, குழியின் வாயை அடைத்துக்கொள்ளும். உடம்பில் நீர் புகா உடை, மேலே மிதவைச் சட்டை. கோடையிலும் ஐரிஷ் கடலின் வெப்பநிலை 15 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. அந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தாறுமாறாகும். முதல் ஓரிரு நிமிடம் அந்த மூச்சோடுதான் போராட்டம்; நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

படகின் வடிவம் இன்யூட் வேட்டைக்காரர்களின் கொடை. மரச்சட்டத்தின் மீது கடல்நாய்த்தோலைப் போர்த்திச் செய்த அவர்களுடைய கயாக், கடல்நாய் வேட்டைக்கானது. 1959-ல் கிளாஸ்கோ மாணவர் கென் டெய்லர் கிரீன்லாந்துக் கிராமம் ஒன்றில் தனக்கென்று செய்து வாங்கிய கயாக்கைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். அதை அளந்து வரைந்த படங்களிலிருந்து பிரிட்டிஷ் கடல் கயாக்குகளின் ஒரு பரம்பரையே கிளைத்தது. ஹோலிஹெட்டிலும் அவற்றைச் செய்யும் பட்டறை வந்தது. அதை நடத்திய நைஜல் டென்னிஸ், நியூசிலாந்தின் பால் கேஃபினோடு சேர்ந்து 1980-ல் பிரிட்டன் தீவு முழுவதையும் கயாக்கில் சுற்றினார். முதன்முதலாக அதைச் செய்த அந்த இருவருக்கும் 85 நாட்கள் பிடித்தன.

பென்ரின் மவுர்

முதல் சோதனை பென்ரின் மவுர் முனை. முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீருக்கடியில் பாறைத் திட்டுகள். வேகமாக வரும் ஓட்டம் அவற்றில் ஏறி இறங்கும்போது நின்ற இடத்திலேயே அலைகள் எழுந்து உடைகின்றன. உள், நடு, வெளி என்று மூன்று வரிசை. உலகின் பல மூலைகளிலிருந்தும் தேர்ந்தவர்கள் இந்த அலைகளில் விளையாடவே வருகிறார்கள். காற்று ஓட்டத்துக்கு எதிராக வீசும் நாளில் அதே அலைகள் செங்குத்தாகும். அப்போது தேர்ந்தவர்களும் யோசிப்பார்கள்.

கரைப்பாறைகளுக்கு நெருக்கமாக ஒரு சந்து இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'சிக்கன் ரன்', கோழைகளின் வழி. வழிகாட்டி எங்களை அந்த வழியாகத்தான் கூட்டிப்போனார். பெயரைச் சொல்லிச் சிரித்தார், ஆனால் பாதையை மாற்றவில்லை. பாறை ஒன்றின் பின்னால் நீர் அசையாமல் கிடந்தது. ஓட்டம் பாறையின் இருபுறமும் பிரிந்து ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னே இப்படி ஒரு நிழல் விழுகிறது. சில இடங்களில் அங்கே நீர் பின்னோக்கியும் போகும். ஆறு பேரும் அந்த நிழலில் ஒதுங்கி, ஒவ்வொருவராக வெளியே வந்தோம். வலது கையை நீட்டினால் பாறையைத் தொடலாம். இடப்பக்கம் நூறு மீட்டர் தள்ளி வெள்ளை நுரை எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

1859-ன் இரவு

அடுத்த விரிகுடாவைக் குறுக்கே கடந்தால் சவுத் ஸ்டாக். தனிப்பாறையின் மீது 28 மீட்டர் உயர வெள்ளைக் கலங்கரை விளக்கம். டேனியல் அலெக்சாண்டர் வடிவமைத்தது. 1809 பிப்ரவரியில் ஏற்றப்பட்டது. தீவிலிருந்து அந்தப் பாறைக்குப் போக சுமார் 400 படிகள் இறங்க வேண்டும். தொடக்கத்தில் பாலம் கிடையாது. சணல் வடத்தில் தொங்கிய கூடையில் உட்கார்ந்துதான் ஆட்களும் பொருட்களும் பாறைக்குப் போயினர்.

1859 அக்டோபர் 25 இரவு வீசிய புயலில் விளக்கின் துணைக் காவலர் ஜாக் ஜோன்ஸ் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மேலிருந்து விழுந்த கல் தலையைப் பிளந்தது. ஊர்ந்து ஊர்ந்து விளக்குவரை வந்தவர் சில வாரங்களில் இறந்துபோனார். அதே புயலில், விடியும் வேளையில், ஆங்கிள்சியின் கிழக்குக் கரையில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் பாறையில் மோதி உடைந்தது. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு ஆஸ்திரேலியத் தங்கத்தோடு வந்துகொண்டிருந்த கப்பல் அது. சுமார் 450 பேர் மாண்டார்கள். கரை மிக அருகில் இருந்தது.

இந்தச் சாவுகள்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராயை அசைத்தன. டார்வினை ஏற்றிச்சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவராக இருந்தவர் அவர். பிறகு வானிலைத் துறையை நடத்திவந்தார். தந்தி மூலம் தகவல் திரட்டி, 1861-ல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். அதே ஆண்டு நாளிதழில் வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது. பிரிட்டிஷ் வானொலியில் இன்றும் வாசிக்கப்படும் கடல் வானிலை அறிக்கையின் தொடக்கம் இதுதான். அன்று காலை எங்கள் வழிகாட்டி கைபேசியில் பார்த்த காற்றின் வேகமும் அந்த இரவுக்குக் கடன்பட்டது.

விளக்கைத் தாண்டியதும் கோகார்த் விரிகுடா. ஏப்ரல் முதல் ஜூலைவரை இங்குள்ள பாறை விளிம்புகளில் கில்லமாட், ரேசர்பில் பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். சில பஃபின்களும் உண்டு. கில்லமாட் கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறக்கக் கற்கும் முன்பே, மூன்று வார வயதில், விளிம்பிலிருந்து கடலில் குதித்துவிடும். கீழே தகப்பன் காத்திருந்து கூட்டிப்போகும். படகு நெருங்கினால் பெரிய பறவைகள் பதறி எழும், முட்டை உருளும். அதனால் இந்தப் பருவத்தில் பாறைக்கு ஒதுங்கித் தள்ளியே வலிக்க வேண்டும் என்பது இங்கே பொது ஒழுக்கம்.

வடகோடியில் நார்த் ஸ்டாக். அதனருகே ஒரு பெரிய குகை. உள்ளே பறவைகள் போடும் ஓயாத கூச்சலால் அதற்கு 'பார்லிமென்ட் ஹவுஸ்' என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். முனை திரும்பியதும் நீர் அடங்கியது. எதிரே, 1873-ல் முடிக்கப்பட்ட ஹோலிஹெட் அலைதடுப்புச் சுவர் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடந்தது. பிரிட்டனில் இதைவிட நீளமானது கிடையாது. இதற்கான கல் முழுவதும் பக்கத்து மலையை உடைத்து எடுத்தது. அதன் நுனியில் டப்ளின் கப்பல்களின் பாதை குறுக்கிடுகிறது. வானொலிக் கருவியில் துறைமுகத்தைக் கூப்பிட்டு, கப்பல் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே நுனியைச் சுற்றலாம்.

பெட்டிச் செய்தி: உல்ம் முதல் சைபாய் வரை

கடல் கயாக் வரலாற்றில் நம் கரைக்கும் ஓர் இடமுண்டு. 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் டான்யூப் நதியில் ஒருவர் மடக்குப் படகை இறக்கினார். பெயர் ஆஸ்கர் ஸ்பெக். பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். சைப்ரஸ் சுரங்கங்களில் வேலை தேடுவதுதான் முதல் நோக்கம். அங்கே போய்ச் சேர்ந்தவர் நிற்கவில்லை. யூப்ரடீஸ் நதி, பாரசீக வளைகுடா, இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, பிறகு சென்னை வழியாகக் கிழக்குக் கரை, பர்மா, இந்தோனேசியா என்று சுமார் 50,000 கிலோமீட்டர் வலித்தார். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் அவர் கரையேறியபோது இரண்டாம் உலகப்போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டவர் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ரத்தின வணிகரானார்.

தனியே போனவரும் சேர்ந்து போனவர்களும்

ஜினோ வாட்கின்ஸ் என்ற இளைஞர் 1930-31-ல் கிரீன்லாந்துக்குப் பெரிய ஆய்வுக்குழு ஒன்றைத் தலைமையேற்று நடத்தினார். கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் வித்தையை அங்குள்ளவர்களிடம் நன்றாகக் கற்றவர். 1932 ஆகஸ்டில் கடல்நாய் வேட்டைக்குத் தனியாகப் போனார். காலியான கயாக் மட்டும் மிதந்து கிடைத்தது. அவருக்கு வயது 25.

வித்தை தெரிந்தவருக்கும் பக்கத்தில் இன்னொரு படகு வேண்டும் என்பதற்கு அவர் கதையே போதும். அந்த இரண்டாவது படகு செய்யும் வேலை மிகத் துல்லியமானது. கவிழ்ந்தவர் தன் படகை விடாமல் பிடித்திருப்பார். உதவுபவர் அதன் மூக்கைத் தூக்கித் தன் படகின் மேல் குறுக்கே ஏற்றுவார். உள்ளே புகுந்த நீர் கொட்டிவிடும். படகைப் புரட்டி நிமிர்த்திப் பக்கவாட்டில் இறுகப் பிடித்துக்கொள்வார். கவிழ்ந்தவர் பின்புறமாக ஏறி உள்ளே நழுவுவார். பழகியவர்களுக்கு இரண்டு நிமிடத்துக்குள் முடியும் காரியம். எங்கள் ஐவரில் யார் யாரைத் தூக்கினாலும் இது நடக்க வேண்டும் என்று போர்த் டாவர்க் கரையிலேயே எல்லா ஜோடிகளையும் வழிகாட்டி செய்யவைத்திருந்தார். கணவனை மனைவி தூக்கினாள். என்னை நாகர்கோவில்காரி தூக்கினாள். "மருத்துவமனையில இதைவிடக் கனமானவங்களை எல்லாம் புரட்டிப் போட்டிருக்கேன்" என்றாள்.

சேர்ந்து போனால் மட்டும் போதுமா? 1993 மார்ச் 22 அன்று தெற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளி மாணவர்கள், ஆசிரியர், பயிற்சியாளர்கள் எனக் குழுவாகத்தான் போனார்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளியது. படகுகள் நீர் நிறைந்து கவிழ்ந்தன. உதவி வர மணிக்கணக்கானது. நான்கு மாணவர்கள் குளிரில் இறந்தார்கள். அந்தப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தவர்கள் முந்தைய ஆண்டே பாதுகாப்புக் குறைகளை எழுத்தில் எச்சரித்திருந்தது பிறகு தெரியவந்தது. மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் மரணத்துக்குக் காரணமானவர்கள் என்று 1994-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995-ல் சிறார்களுக்கான சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் வந்தது. அங்கே ஆள் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. வேண்டாம் என்று சொல்பவரின் குரலுக்கு மதிப்பு இருக்கவில்லை.

ஒருவர் சொன்னால் போதும்

எங்கள் வழிகாட்டிக்கு ஒரு விதி உண்டு. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றால் அந்தக் கட்டம் அதோடு முடிந்தது. காரணம் கேட்கக் கூடாது, ஓட்டுக்கு விடக் கூடாது.

மறுநாள் பாதி தூரம் எளிதாகவே போனது. ஹோலி தீவையும் ஆங்கிள்சியையும் பிரிக்கும் குறுகலான கடலின் மேல் ஸ்டான்லி கரை நிற்கிறது. தாமஸ் டெல்ஃபோர்டு வடிவமைத்து 1823-ல் திறக்கப்பட்ட இந்தக் கரையின் மேல் சாலையும் ரயிலும் போகின்றன. அடியில் நீர் போக ஒரே ஒரு குறுகிய வழி. ஓட்டம் மும்முரமாக இருக்கும்போது அதற்குள் நுழைவது தற்கொலை. இருபுறமும் நீர் சமமாகும் கொஞ்ச நேரத்தில் நுழைந்து கடந்தோம். உள்ளே உப்பங்கழி போன்ற அகன்ற நீர்ப்பரப்பு. இதை உள்நாட்டுக் கடல் என்றே அழைக்கிறார்கள். தலைக்குமேல் பக்கத்து விமானப்படைத் தளத்தின் ஜெட் விமானங்கள் கிழித்துக்கொண்டு போயின.

தெற்குக் கோடியில் ஃபோர் மைல் பாலம். அதைத் தாண்டினால் ரோஸ்கோலின் முனை, கடல் குடைந்த வெள்ளைப் பாறை வளைவு, பிறகு ட்ரெயார்தர் விரிகுடா. அங்கிருந்து புறப்பட்ட கரை அருகில்தான். ஆனால் தென்மேற்குக் காற்று பிற்பகலில் காற்று வேக அளவுகோலின் 5-ஆம் எண்ணுக்கு ஏறும் என்று அறிக்கை சொன்னது. 4-க்கு மேல் போவதில்லை என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அறிக்கைக்கு முன்பே காற்று வந்துவிடுமா, பின்பு வருமா என்பதுதான் கேள்வி. முனை தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. ஒதுங்க இடம் குறைவு.

பாலத்தடியில் படகுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். நாகர்கோவில்காரி சொன்னாள்: "எனக்கு வேண்டாம்னு தோணுது."

"சரி" என்றார் வழிகாட்டி. படகுகளைச் சாலையோரம் ஏற்றிவிட்டு, வண்டி எடுத்துவர ஒருவரை அனுப்பினார். பேச்சு அவ்வளவுதான். மான்செஸ்டர்க்காரருக்கு முகம் சற்றுச் சுருங்கியது. தீவைச் சுற்றி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அந்த விதியின் பலன் அன்றைய பிற்பகலில் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. வேண்டாம் என்றவரை ஒருமுறை கேலி செய்தால் அடுத்தமுறை அவர் வாயை மூடிக்கொள்வார். உண்மையில் கால் நடுங்கும் நாளிலும் மூடிக்கொண்டே முனைக்கு வருவார். அந்த முனையில் கவிழ்பவர் அவராகத்தான் இருப்பார். தூக்க வேண்டியவர் கேலி செய்தவராக இருப்பார்.

கிளம்புவதற்கு முன்

ஹோலி தீவுக்கு லண்டன், மான்செஸ்டரிலிருந்து ரயிலிலேயே வரலாம். புதியவர்கள் ட்ரெயார்தர், போர்த் டாவர்க் விரிகுடாக்களுக்குள்ளேயே தொடங்கலாம். முனைகளுக்குப் போக, அனுமதி பெற்ற பயிற்றுநர் கட்டாயம் தேவை. ஓட்டத்தின் நேரம், காற்றின் எண், ஒதுங்கும் இடங்கள் மூன்றையும் தாளில் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வானொலிக் கருவி மிதவைச் சட்டைப் பையில் இருக்கட்டும். படகின் அறையில் வைத்தால் படகு கைவிட்டுப் போகும்போது அதுவும் போய்விடும்.

நம் கரைகளிலும் கயாக் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. இங்கே ஓட்டம் குறைவு; காற்றும் கரையோர அலையும்தான் கவனிக்க வேண்டியவை. கூட்டிப்போகிறவரிடம் படகு என்ன ரகம், கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "எந்த நிலைமை வந்தால் பயணத்தை ரத்து செய்வீர்கள்?" காற்றின் வேகம், அலையின் உயரம், குழுவின் அனுபவம் என்று தயங்காமல் பதில் வந்தால் பணம் கட்டுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.